குங்குமம் வைத்த சிமெண்டுப் பலகை

தென்காசியில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் போவது கொல்லைக் குழாயடியில் கிடக்கும் அந்தச் சிமெண்டுப் பலகை மேல்தான். நடுவில் ஓர் ஓட்டை. அதன் இரண்டு பக்கமும் பாதம் வைக்கச் சற்றே உயர்த்திய மேடு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேளம் முழங்க மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அறுபதுகளில் நான் கிராம சேவக், அரசாங்கத் திட்டங்களை ஊர்களுக்குக் கொண்டுபோகும் ஊழியன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சில ஊர்கள் என் பொறுப்பில் இருந்தன. விதை, உரம், கோழிக்குஞ்சு என்று எதைக் கொண்டுபோனாலும் வாங்கிக்கொண்ட ஜனங்கள், கக்கூஸ் என்றதும் முகத்தைச் சுளித்தார்கள். ஏழை வீடுகளுக்குக் கக்கூஸில் உட்காரும் இந்தச் சிமெண்டுப் பலகையையும் அதன் கீழே பொருத்தும் பீங்கானையும் அரசாங்கம் மானியத்தில் கொடுத்தது. வீட்டுக்காரர் தன் பங்கைக் கட்டி, குழி தோண்டி, மறைப்பு எழுப்பிக்கொள்ள வேண்டும். என் நச்சரிப்புக்காக வாங்கிய சிலரும் பலகையைக் கிணற்றடியில் போட்டுத் துணி துவைத்தார்கள். "தண்ணி தேங்காம ஓட்ட வழியா வடிஞ்சிருதுலா, சோப்பு வைக்க மேடும் இருக்கு" என்று எனக்கே பாராட்டு வேறு. பற்றிக்கொண்டு வரும். சத்தம் போட்டால், "மொதல்ல உம்ம அண்ணன் வீட்டுல வையும், பொறவு எங்களுக்குச் சொல்லலாம்" என்பார்கள். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அண்ணன் கூலிக்கு ஏர் உழுதவன். நல்லவன்தான், ஆனால் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "சாமி கும்பிடுத வீடுலே இது. அந்தக் கருமத்த இங்கன கொண்டு வராத" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்.

பெண்கள் ஒதுங்குவதற்கு ஓடைக்கரை உடங்காட்டு முள்மறைவுதான் போக்கிடம். சாரல் தொடங்கிக் குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் அந்த வழியில் வெளியூர் ஆட்களின் நடமாட்டம் ஓயாது. விடியுமுன் போக வேண்டும், இல்லையென்றால் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். அந்த வருஷம் பெரியவளாகியிருந்த அண்ணன் மகள் இதற்குப் பயந்துகொண்டு பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் கண்டு, பள்ளிக்கூடம் நின்று, தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது, மறுபடி வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்றார் டாக்டர். மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கண்கலங்கினான். வீட்டுக்கு வந்ததும் தன் பெண்டாட்டியை, என் மதினியைப் பார்த்து, "இனிமே நீ தொணைக்குப் போ" என்றான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

மதினி பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு ஒரு பலக வேணும். உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதிய" என்றாள். மனுவில் வீட்டுப் பெரியவர் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். மதினியே போட்டாள், பீடி சுற்றிய கூலியில் வீட்டுப் பங்கையும் கட்டினாள். பலகையை மட்டும் தன் தம்பி வீட்டில் இறக்கச் சொன்னாள்.

அந்தத் தம்பி குற்றாலத்தில் கொத்தனார். சீசனுக்கு வரும் பணக்காரர்களின் பங்களாக்களில் குளியலறையும் கக்கூஸும் கட்டுகிறவர். அக்கா தன்னிடம் என்ன கேட்டாள் என்பதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். "அருவியில குளிக்க வாறவளுக்கெல்லாம் பளபளன்னு கட்டிக் குடுக்கியே, உன் மருமவ மட்டும் முள்ளுக்குள்ள போயி ஒதுங்கணுமாலே?"

மகளுக்குச் சடங்கு வைத்த அன்று தாய்மாமன் சீர் வந்தது. மேளத்துக்குப் பின்னால் தாம்பாளங்களில் பட்டுப்பாவாடை, கொலுசு, பழம், தேங்காய். கடைசியாக ஒரு மாட்டுவண்டி. அதில் செங்கல்லுக்கு நடுவே, குங்குமப் பொட்டோடு என் ஆபீஸ் பலகை! கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அண்ணன் முகம் கறுத்துப் போனது. கொத்தனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவு குறையாமல் கேட்டார்: "அத்தான், சீர எறக்கவா, வண்டியத் திருப்பவா?"

தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பிய வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அனுப்பினால் பெண்டாட்டியின் பிறந்த வீட்டோடு உறவே முறிந்துபோகும். அண்ணன் மதினியைப் பார்த்தான். அவளோ மகள் தலையில் பூ வைப்பதைத் தவிர உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பதுபோல் நின்றாள். நான் வண்டி மாட்டின் கொம்பை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எறக்கு" என்றான் அண்ணன். "எங்கன வைக்கணும்னு உங்க அக்காகிட்டயே கேட்டுக்க."

மாமனே குழி தோண்டி, மாமனே சுவர் எழுப்பினார். வேலை முடிந்த அன்று அந்தப் பிள்ளை செம்பைத் தூக்கி மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தது. அதைப் பார்த்து மதினி அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? சாரல் ஓயுமுன் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

அதன் பிறகு எனக்குப் பிரசங்கம் செய்யும் வேலையே இல்லை. ஊர்ப் பெண்கள் ஆளாளுக்குத் தங்கள் அண்ணன் தம்பிகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பாதி அரசாங்கம், மீதி தாய்மாமன் என்று கணக்கு தானாக அமைந்துவிட்டது. ஆபீஸில் அடுக்கிக் கிடந்த பலகைகள் மேளத்தோடு ஊருக்குள் போயின. திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றாத வழி அது, எனக்கும் தோன்றவில்லை. மதினிக்குத்தான் தோன்றியது.

மதினி போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. மகள் வாத்திச்சியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தென்காசியில் சொந்த வீட்டில் இருக்கிறாள். பழைய வீட்டை இடித்தபோது இந்தப் பலகையை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். போன வாரம் நான் போயிருந்தபோது அவள் மருமகள் அதன்மேல் சேலையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். மேட்டில் சோப்பு. எத்தனை ஊர்களில் நான் தொண்டை வறளச் சண்டை போட்ட காட்சி!

"இத ஏன்ட்டி இன்னும் வச்சிருக்க?" என்று அண்ணன் மகளிடம் கேட்டேன்.

"மாமா கொண்டாந்த பட்டு கிழிஞ்சிட்டு, கொலுசு தேஞ்சிட்டு. அந்தச் சீருல மிச்சம் இது ஒண்ணுதான சித்தப்பா" என்றாள். பக்கத்தில் இருந்த செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தாள்.

மருமகள் கை பட்டு நழுவிய சோப்பை நானே எடுத்து மறுபடி மேட்டில் வைத்தேன்.