பனி கரையக் கேட்டவன்

மகளுக்கு ஐந்து வயது. கின்டர்கார்டனில் கூட இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள் என்று மனைவி அவளையும் சனிக்கிழமை பனிச்சறுக்கு வகுப்பில் சேர்த்துவிட்டாள். மலையடிவாரத்து ஊரில் இருந்துகொண்டு இது தெரியாமல் வளர்ந்தால் பிள்ளை தனித்துப்போய்விடும் என்பது அவள் நியாயம்.

கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. ஹெல்மெட் போடமுன் நெற்றியில் திருநீறு பூசிவிடுவேன். கல்லுப்போல இருக்கிற சப்பாத்துக்குள் அந்தச் சின்னக் காலைத் திணிப்பேன். பிறகு சறுக்கு மேட்டின் அடியில் கட்டியிருக்கிற வலைக்கு இந்தப் பக்கம் போய் நிற்பேன். பெற்றோர் கிட்ட வரக்கூடாது. படிப்பிக்கிற பெண் "பீட்சா! பீட்சா!" என்று கத்துவாள். காலில் மாட்டிய இரண்டு பலகையின் முன்னுனியையும் பீட்சாத் துண்டுபோலச் சேர்த்துப் பிடித்தால் வேகம் குறையும். பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை என் பிள்ளைக்குப் பீட்சா மறந்துவிட்டது. நேரே வந்து வலையில் மோதினாள். உதடு வெடித்து இரத்தம். நான் வலையைத் தாண்டி ஓடினேன். அவள் எழும்பி, "அப்பா, பாத்தனீங்களோ? எவ்வளவு ஸ்பீட்!" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "விழுந்தாத்தானே எழும்பப் பழகுவாள். உங்களுக்குப் பயம் எண்டா நீங்கள் வீட்டில நில்லுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள்.

அதற்குமேல் மனிதரிடம் என்ன பேசுவது? சுவரில் சுவாமிப் படங்கள் வைத்திருக்கிற தட்டின் முன் போய் நின்று பிள்ளையாரிடம் மனதுக்குள் கேட்டேன். பனி கரைந்துபோகட்டும், இந்த வகுப்பு நின்றால் உனக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தும்போது அதையே கேட்டேன்.

கடைசி வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் போட்டி, சறுக்கி ஓடி முடிக்கிற எல்லாருக்கும் பதக்கம். மகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பதக்கத்தை எந்த ஆணியில் தொங்கவிடுவது என்றுகூடப் பார்த்துவைத்திருந்தாள். அந்தக் கிழமைதான் தெற்கிலிருந்து சூட்டுக் காற்று வீசியது, கூடவே மழை. வெள்ளிக்கிழமை பார்க்கும்போது சறுக்குகிற மேட்டில் புல்லும் சேறும்தான். போட்டி இல்லை, இந்த வருஷம் வகுப்பு முடிந்தது என்று செய்தி வந்தது.

காற்று வருஷா வருஷம் வீசுவதுதான் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளை சாப்பிடவில்லை. அழுது முடித்து என் மடியில் வந்து இருந்தாள்.

"அப்பா, பிள்ளையாருக்கு டொச் விளங்காதோ?" கின்டர்கார்டனில் பேசுகிற ஜெர்மன் மொழியைத்தான் டொச் என்கிறாள்.

"ஏனம்மா?"

"நான் ஒவ்வொரு நாளும் ஸ்னோ வேணும் எண்டு கேட்டனான். டொச்சிலதான் கேட்டனான். அதுதான் அவருக்கு விளங்கேல்லைப் போல." கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் தமிழில கேளுங்கோ அப்பா. நீங்கள் கேட்டா அவர் தருவார்."

நான் அவள் தலையைத் தடவினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்த அதே தட்டின் முன்தான் நானும் நின்று அவளுக்கு எதிராகக் கேட்டிருக்கிறேன். அவள் ஒளிக்காமல் கேட்டாள், நான் களவாகக் கேட்டேன்.

நேர்ந்ததைச் செய்யாமல் விடமுடியாது. அடுத்த வெள்ளி தமிழ்க் கடையில் தேங்காய் வாங்கி வந்தேன். மகள் ஓடி வந்தாள். "ஸ்னோ வரத்தானே உடைக்கப்போறீங்கள்?"

ஓம் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சுவாமிக்குரிய தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொய் எனக்கு வரவில்லை. நீ விழுந்தது எனக்குப் பயமாக இருந்தது, அதனால் பனி கரையச் சொல்லி அப்பாதான் கேட்டேன் என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். "எனக்குச் சொல்லாமலோ?"

"ஓம்."

"தோப்புக்கரணம் போடுங்கோ."

இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு பிள்ளையார் முன்னால் குந்தி எழும்பினேன். முழங்கால் நொந்தது. சமையலறை வாசலில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நல்லாக் குனிஞ்சு போடட்டும், விடாதை பிள்ளை" என்றாள். போதும் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

"அது பிள்ளையாருக்கு" என்றாள் மகள். "இனி எனக்கு."

அவள் பக்கம் திரும்பி அவளுக்கும் போட்டேன். அப்போதும் அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் தேங்காயை உடைக்க விட்டாள்.

அன்றிலிருந்து நான் விளக்குக் கொளுத்தினால் அவள் விளையாட்டை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள். "என்ன கேக்கிறீங்கள்? சத்தமாக் கேளுங்கோ" என்கிறாள். நானும் சத்தமாகத்தான் கேட்கிறேன்: வாற மாரிக்கு நல்லாய்ப் பனி கொட்டவேணும், என் பிள்ளை போட்டியில் ஓடவேணும். ஒவ்வொரு சொல்லும் சரியாக வருகிறதா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.