ஒரே பஸ்ஸில் போகிற கல்லூரி

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிப் படிப்பு முடிந்ததும் எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்றில் வரலாறு, அதற்கு எங்கள் வீடு இருந்த செல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். இன்னொன்றில் சமூகவியல், அதற்கு ஒரே பஸ். பெண்ணைப் படிக்க அனுப்பும் வீடுகளில் பஸ்தான் முதல் கேள்வி.

“எதைப் படிச்சா என்ன தாயி? டீச்சராத்தான ஆகப் போற!” என்றார் அப்பா. எனக்கும் சரியென்றே பட்டது.

அந்த ஒரே பஸ் கல்லூரியில் பணம் கட்டப் போன அன்று, அதே கல்லூரியில் சமூகவியல் முடித்த அடுத்த தெரு மல்லிகா அக்காவும் பஸ்ஸில் இருந்தாள்.

“என்னத்தா, எப்ப டீச்சராகப் போற?” என்று அப்பா உற்சாகமாகக் கேட்டார்.

“எங்க சித்தப்பா! பி.எட். கேட்டுப் போனேன். பள்ளிக்கூடத்துல நடத்துற பாடம் படிச்சவுகளுக்குத்தான் இடமாம். அம்புட்டுத்தான், அனுப்பிட்டாக.”

அடுத்த நிறுத்தம் வந்ததும், “எறங்கு தாயி, அந்த வரலாறு காலேசுக்கே போவோம்” என்றார் அப்பா.

இன்று நான் வரலாற்று ஆசிரியை. எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்கும் மாணவிகளை, படிப்பு முடித்து எங்கே போக நினைக்கிறார்களோ அங்கே முதலில் விசாரித்து வரச் சொல்கிறேன். பஸ்ஸைப் பற்றிய பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.