மருந்து தராத டொக்டர்

சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அதே கிழமை, அந்தப் பெண் டொக்டர் மறுபடியும் ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவரைக் கண்டதுமே அம்மா மீன் கழுவிய தண்ணீரை வாசல் பக்கமாக ஊற்றினாள். தற்செயல் என்று சொல்ல முடியாது.

அது பழைய எரிச்சல். முந்தின வருடம், இருதய வருத்தம் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய வந்தவர், சீட்டுக் குலுக்கி எங்கள் வீட்டைத் தெரிவு செய்திருந்தார். அடுத்த வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க, வலை இழுக்கிற சித்தப்பாவின் இடுப்பை நாடா வைத்து அளந்து, கையில் பட்டி கட்டிப் பிறசரும் பார்த்தார்.

"வருத்தக்காரன் அங்க கிடக்கிறான், நீங்கள் இங்க நிக்கிறீங்கள்" என்றாள் அம்மா.

"சுகமா இருக்கிற ஆக்களையும் பாக்க வேணும், அக்கா."

ஊசியுமில்லை, குளிசையுமில்லை. கேள்விகள்தான். கருவாடு அடிக்கடி சாப்பிடுவீர்களா, சிகரெட் உண்டா, கோபம் வருமா? கடைசிக் கேள்விக்கு அம்மா "இப்ப வருது" என்றாள். சித்தப்பாவுக்குப் பிறசர் கூடுதலாக இருக்கிறது, மன்னார் கிளினிக்குக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு இடமும் நோகாத மனிதன் தொழிலை விட்டுவிட்டு ஏன் வரிசையில் நிற்கவேண்டும்? சித்தப்பா போகவில்லை.

இப்போது வந்து, அவருக்கு என்ன நடந்தது என்று கேட்கிறார்.

"உயிரோட இருக்கேக்க மருந்து தரேல்ல. செத்தாப் பிறகு என்ன அரியண்டம் இது?" அம்மா கத்தினாள்.

டொக்டர் அசையவில்லை. சித்தப்பாவின் மனைவி, சின்னம்மா, உள்ளேயிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். நோவு எங்கே தொடங்கியது, வியர்த்ததா என்று டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்க, சின்னம்மா மெல்லச் சொன்னாள். கடலால் வந்தவர் முதலில் தோள் நோகுது என்றார். பிறகு நெஞ்சை அடைக்குது என்றார். வாய்வு என்று நினைத்தோம்.

"அதுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சோடா" என்றாள் அம்மா. "நான்தான் குடுத்தனான். குடிச்சிட்டுப் படு, சரியாப்போம் எண்டு சொன்னதும் நான்தான். வடிவா எழுதிக்கொண்டு போங்கோ!"

டொக்டர் எழுதவில்லை. "அக்கா, தாராபுரத்திலயும் சோடாதான் குடுத்தவை. அடம்பனில இஞ்சித் தண்ணி. நான் போன இடமெல்லாம் வாய்வு எண்டுதான் நினைச்சிருக்கினம். ஆரும் சொல்லித் தராட்டி உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அதைச் சொல்லித் தரத்தான் இப்பிடிக் கேட்டுத் திரியிறன்."

அம்மா அப்படியே குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செத்தவீட்டில்கூட அழாதவள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த ஊர்க்காரரும் சோடா கொடுத்தார்கள் என்பதற்கு ஏன் அழவேண்டும்?

சில மாதங்கள் கழித்து, ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சுவாமி ஓர் அறிவித்தல் வாசித்தார். நெஞ்சு அடைத்தால், வியர்த்தால், தோள் நோவெடுத்தால் வாய்வு என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மா தலையாட்டிக் கேட்டாள். பிறகொரு நாள் அப்பா தோள் நோகுது என்றபோது, சட்டை போடக்கூட விடாமல் ஓட்டோவில் ஏற்றினாள். சட்டையில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போன கதையை அப்பா இன்றைக்கும் முறுமுறுத்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சித்தப்பா போன அந்த ஒரு மாதமும் அம்மா சின்னம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.