சேட்டுக்குள் தைத்த பொக்கற்

என் கணவர் கணேசலிங்கம் பயந்த மனுசன். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாசித்துக் காட்டினால் அவரே "ஓம், சரிதான்" என்று தலையாட்டுவார். மெல்பேண் புறநகரான டண்டினொங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு வேலைக்குப் புறப்படும்போது கதவைப் பூட்டுவார். கேற்றடிவரை போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ரெயில் ரிக்கற்றைக் கைக்குள் பொத்தி வைத்து வியர்வையில் ஊறவைத்துவிடுவார். அரசாங்கக் கடிதம் ஏதாவது வந்தால், ஒரு தேத்தண்ணி குடிக்காமல் உறையைக் கிழிக்க மாட்டார்.

அந்தப் பயம் எங்கே பிடித்தது என்பது எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டாம் ஆண்டு அவருக்கு இருபது வயது, கொழும்பில் கிளாக்கர் வேலை. தமிழரை அடிக்கும் கலவரம் தொடங்கியதும் பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி அவரைத் தன் சாமான் அறைக்குள் தள்ளி வெளியே பூட்டிவிட்டாள். இரண்டு நாள் அரிசிமூட்டைக்குப் பின்னால் இருந்திருக்கிறார். தேடி வந்தவர்கள் வாசற்கதவில் அடித்த சத்தமும் கேட்டதாம், இங்கே ஒருவரும் இல்லை என்று அவள் சொன்னதும் கேட்டதாம். உயிர் தப்பி யாழ்ப்பாணம் வந்து, மெஷின் வேலை படித்து, என்னைக் கட்டி, எழுபத்து நாலில் மெல்பேணுக்கும் வந்து சேர்ந்துவிட்டார். ஆனாலும் மூடிய கதவையும் சீருடை போட்ட ஆட்களையும் கண்டால் இன்றைக்கும் அவருக்கு வாய் உலர்ந்துவிடும்.

இப்படிப்பட்டவரை எழுபத்தேழு ஒக்டோபரில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவர் வேலை செய்த கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அங்கேயிருந்து ஒரு பெரிய மெஷின் வாங்கியிருந்தது. அதைத் திருத்தப் பழக யாராவது இரண்டு வாரம் போகவேண்டும். மேற்பார்வை பார்க்கும் போர்மன் இவரைக் கேட்டிருக்கிறார். மாட்டேன் என்று சொல்லப் பயந்து இவர் ஓமென்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது ஏழு மாதம். கலியாணமாகி ஒன்பது வருசம், இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன பிறகு நின்ற பிள்ளை. டொக்டர் என்னைக் கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எங்களுக்குக் குடியுரிமையும் இன்னும் கைக்கு வரவில்லை. விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தோம். அதனால் அவர் இலங்கைப் பாஸ்போட்டில்தான் போகவேண்டும். திரும்பி வருவதற்கான அனுமதியை அதில் ஒரு பக்கத்தில் நீல முத்திரையாகக் குத்தி, மையால் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்கள். அது இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று அந்த அலுவலர் சொன்னதை இவர் வீட்டுக்கு வந்து எனக்கு மூன்று தரம் சொன்னார்.

எனக்கும் பயம்தான். இரண்டு மாதத்துக்கு முன், ஓகஸ்டில், இலங்கையில் மறுபடியும் எங்கள் சனத்தை அடித்து எரித்திருந்தார்கள். இவரை அந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்ற நினைப்பே எனக்குப் போதும். கட்டிலில் சாய்ந்தபடியே அவருடைய நாலு சேட்டுக்கும் உள்பக்கம், நெஞ்சுக்கு நேரே, ஒரு பொக்கற் தைத்து அதற்குப் பொத்தானும் வைத்தேன்.

"இஞ்சேருங்கோ, பாஸ்போட் இதுக்குள்ளதான் இருக்கவேணும். உடம்பை விட்டு விலகப்படாது," என்றேன்.

"கழட்ட மாட்டன். நீர் பயப்பிடாதையும், படுத்திரும். போட்டு வாறன்," என்றார். சொல்லும்போதே கை நெஞ்சைத் தடவிப் பார்த்தது.

இனி வருவது அவர் சொன்னது. ஒரேயடியாகச் சொல்லவில்லை, மாதக் கணக்கில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் சேர்த்து எழுதுகிறேன்.

பயிற்சி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஜப்பான் கம்பனிக்காரர் அவருக்கு ஒரு மரியாதை செய்தார்கள். கனசாவா என்ற பழைய ஊரைச் சுற்றிக் காட்ட, அவருக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தார்கள். நகானோ என்று பெயர், ஓய்வுபெற்ற இங்கிலிஷ் வாத்தியார். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒருமுறை குனிவாராம். இவரும் பதிலுக்குக் குனிந்து குனிந்து மத்தியானத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாராம்.

முதலில் சாமுராய்கள் குடியிருந்த தெருக்களுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு பக்கமும் உயர்ந்த மண்சுவர், ஓரத்தில் ஒரு வாய்க்கால், ஆளரவம் இல்லை. பத்தடிக்கு ஒருமுறை தெரு வளைகிறது. வருகிற எதிரிக்கு அடுத்த வளைவில் நிற்கிறவன் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிக் கட்டினார்கள் என்று நகானோ சந்தோசமாக விளக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு இவர் ஒரு வளைவையும் நிம்மதியாகத் தாண்டவில்லை. ஒரு வீட்டுக்குள் போர்க்கவசம் ஒன்றைப் பெட்டியின் மேல் ஆள் இருப்பதுபோல் இருத்தி வைத்திருந்தார்கள். இரும்பு முகம், மீசை, கண் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு. "அதுக்குள்ள ஒருத்தரும் இல்லையெண்டு தெரியும். ஆனா அது என்னைத்தான் பாத்தது," என்றார் என்னிடம்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு பழைய கோயில் வாசலில் ஏறினார்கள். சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்லி நகானோ கைகாட்டினார். இவர் கழற்றினார். அப்படியே கை மேலே போய்ச் சேட்டுப் பொத்தானையும் கழற்றத் தொடங்கிவிட்டது.

எங்கள் ஊர்க் கோயிலுக்குள் ஆண்கள் சேட்டோடு போவதில்லை. வாசலில் மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போவார்கள். இவரும் நாலு வயதிலிருந்து அப்படித்தான். அன்றைக்கும் வேட்டி உடுத்திருந்தால் சேட்டை அப்படியே கட்டியிருப்பார். காற்சட்டைக்கு மேல் ஈரச் சேட்டை எப்படிக் கட்டுவது என்று பார்த்துவிட்டு, மடித்துச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பெனியனையும் வைத்தார். நகானோ வாயைத் திறந்தாராம், பிறகு மூடினாராம். விருந்தாளியின் வழக்கத்தில் தலையிடக்கூடாது என்று நினைத்தேன் என்று பின்னர் அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறார்.

புத்தருக்கு முன்னால் வெறும் மேலோடு நின்று கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறார். பிள்ளை நிற்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். குளிரே தெரியவில்லையாம்.

அந்தக் கோயில் வெறும் கோயில் இல்லை. எதிரி வந்தால் தப்புவதற்கும் ஒளிப்பதற்கும் என்று கட்டியது. பலகையைத் தூக்கினால் கீழே படி, அலுமாரியைத் திறந்தால் பின்னால் இன்னொரு அறை. நகானோவுக்கு இதெல்லாம் கரைத்துக் குடித்த பாடம். கடைசியில் நாலு பாய் விரித்த ஒரு சின்ன அறைக்கு வந்தார்கள். இதன் கதவை மூடினால் உள்ளிருந்து திறக்க முடியாது, வெளியே நிற்பவர் திறந்தால்தான் உண்டு என்றார் நகானோ. சொன்னதோடு விட்டிருக்கலாம். "பிளீஸ், ஒரு நிமிசம்" என்று குனிந்துவிட்டு, தான் வெளியே போய்க் கதவை இழுத்து மூடிக் காட்டினார்.

இருட்டு. பழைய மரத்தின் மணம். இவருக்கு அது அரிசிமூட்டை மணமாக அடித்திருக்கிறது. இருபது வயதுப் பெடியனாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பாஸ்போட்டைத் தொட்டுப் பார்க்க நெஞ்சில் கையை வைத்தார். கையில் தோல்தான் பட்டது.

அவர் தமிழில் போட்ட சத்தத்தில் நகானோ கதவைத் திறந்த வேகத்தில் தானும் விழுந்துவிட்டாராம். இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். சப்பாத்து இருந்தது. சேட்டு இல்லை.

கோயிலைக் கூட்டித் துடைக்கும் மனுசி ஒருத்தி பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் குந்தியிருந்தாள். மழையில் நனைந்து சேறு தெறித்துக் கிடந்த சேட்டைக் கண்டு, வெளியூர் ஆள் பாவம் என்று சவர்க்காரம் போட்டுத் தோய்த்துவிட்டாள். பிழிந்துகொண்டிருக்கும்போதுதான் உள்ளே ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டிருக்கிறது. பொத்தானைக் கழற்றிப் பாஸ்போட்டை வெளியே எடுத்ததை இவர் கண்ணால் கண்டார். முத்திரைப் பக்கத்திலிருந்து நீலம் வழிந்தது. அது என்னவென்று நகானோ சொன்னதும் அவள் ஈரத் தரையில் நெற்றி முட்டக் குனிந்தாள். எழும்பவே இல்லையாம். அதைப் பார்த்து இவருக்கு இன்னும் பயம் கூடிவிட்டது.

பிறகு அவள் அதை உள்ளே கொண்டுபோய், ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து, பாரம் ஏற்றி, கடைசியில் ஒரு துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும்வரை தாள்களை இழுக்கவேண்டாம், இழுத்தால் மிச்சமிருப்பதும் உரிந்து வந்துவிடும் என்று நகானோ மூலம் சொன்னாள். இவர் நகானோவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துணிப்பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி ரெயில் ஏறினார்.

எனக்கு ஒரு தந்தி வந்தது. "பாஸ்போட் நனைந்துவிட்டது. கவலைப்படாதே." வேறு ஒன்றும் இல்லை. மனுசன் கடலில் விழுந்துவிட்டாரா, அடித்துத் தள்ளினார்களா? தந்தியைப் பிடித்தபடி படுத்திருந்தேன். அன்று பின்னேரம் முழுக்கப் பிள்ளை அசையவில்லை. ஆறு மணிக்கு ஒரு உதை விட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் வருகிற நாள் அரியரத்தினம் தன் காரில் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். எங்கள் தெருவில் இருந்த ஒரே இன்னொரு தமிழர் அவர்தான். படுத்திருக்கச் சொன்ன டொக்டரை இரண்டு பேருமாக ஏமாற்றினோம். விமானம் இறங்கியது. ஆட்கள் வந்தார்கள், தள்ளுவண்டிகள் வந்தன, விமானத்தில் வேலை செய்யும் பெண்கள்கூடச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

"இருங்கோ தங்கச்சி, பெட்டி தேடிக்கொண்டு நிப்பார்," என்றார் அரியரத்தினம். அரை மணித்தியாலம் கழித்தும் அதையே சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

உள்ளே விடமாட்டோம் என்று அந்த அலுவலர் சொன்னது நினைவுக்கு வந்தது. அடுத்த விமானத்தில் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே இவர் எந்தத் தெருவில் நிற்பார்? எந்த மனுசி இந்தமுறை கதவைத் திறப்பாள்? பிள்ளை பிறந்தால் அப்பா எங்கே என்று நான் என்ன சொல்வது? ஒரு மணித்தியாலம் ஆனதும் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. உள்ளே போகக்கூடாது என்று எழுதியிருந்த கதவுக்குப் போய், உள்ளங்கையால் அடித்தேன். அரியரத்தினம் "தங்கச்சி, தங்கச்சி" என்று பின்னால் ஓடிவந்தார். நான் நிறுத்தவில்லை.

கதவைத் திறந்தது தலை நரைத்த ஒரு பெரிய அலுவலர். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.

"என் கணவர் உள்ளே இருக்கிறார்," என்றேன் இங்கிலிஷில்.

"இருங்கள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே, இளம் அலுவலர் ஒருவர் துணியை அவிழ்த்து, தாள்களை ஒன்றொன்றாக உருவி மேசையில் போட்டுவிட்டு, அந்த நீலக் கறையைக் காட்டி, இது எதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லி இவரை ஒரு கதிரையில் இருத்தியிருந்தார். பெரியவர் வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். சீருடையைக் கண்டால் பெயரையே மறந்துவிடும் என் கணவர், சேட்டைக் கழற்றியதிலிருந்து ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறார்.

"ஏன் கழற்றினீர்கள்?"

"அது கோயில், சேர்."

பெரியவர் மேசையில் கிடந்த தாள்களைக் கிளறினாராம். ஒன்றில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். எழுத்து இடம்வலம் மாறித் தெரிந்தது. தாளைத் திருப்பிப் பிடித்தார். இலக்கம், திகதி, கையெழுத்தின் வால் எல்லாம் நேராக வந்தன. அந்தக் கோயில் மனுசி வைத்த தாள் முத்திரையைக் குடித்து வைத்திருந்தது. அந்த இலக்கத்தைத் தொலைபேசியில் சொல்லி விசாரித்தார்கள், சரியாக இருந்தது.

கதவு மறுபடியும் திறந்தது. இவர் வந்தார். மெலிந்திருந்தார். வலது கை நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது.

ஏச வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். சேட்டைக் கழற்றாமல் பாஸ்போட் எப்படி நனையும் என்று தந்தி வந்த நாளிலிருந்து அடுக்கி வைத்திருந்தேன். "சொன்னனான் தானே, கழட்ட வேண்டாமெண்டு," என்று தொடங்கினேன்.

"மூண்டு வருசமாக் கோயில் வாசலைக் காணேல்லை, வதனா. கண்ட உடன கை தானாப் பொத்தானுக்குப் போட்டுது," என்றார்.

அது உண்மை. அந்த நாளில் மெல்பேணில் எங்களுக்குப் போக ஒரு கோயில் இல்லை. நான் குசினி அலுமாரிக்குள் ஒரு பிள்ளையார் படம் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அடுக்கி வைத்த ஏச்செல்லாம் எனக்கு மறந்துபோனது.

காருக்கு நடக்கும்போது மெல்லக் கேட்டார்.

"கதவில அடிச்சது நீரோ?"

"ஓம்."

திரும்பி அந்தக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அந்தச் சத்தம் கேட்டதும் நான் மேசைக்குப் பின்னால ஒளிக்கப் பாத்தன்," என்றார். "பேந்துதான் உம்மட குரல் கேட்டது."

அரியரத்தினம் சிரித்தார். நான் அவருடைய கையை நெஞ்சிலிருந்து எடுத்து என் வயிற்றில் வைத்தேன். பிள்ளை உதைத்தது.