பஸ் பட்டியலும் பதினோராவது ரன்னும்

1. தாவரவியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். முதல் வகுப்பு.
2. எம்.எஸ்ஸி.க்கு இடம் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.
3. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம் என்றிருந்த முதுநிலை கம்ப்யூட்டர் டிப்ளமோவில் சேர்ந்தேன். ஒரு நிபந்தனை: கல்லூரியில் கணிதம் படிக்காதவர்கள் முதல் பருவத்துப் புராஜெக்டில் தேறாவிட்டால் இடம் ரத்து.
4. புராஜெக்டுக்காக ஒருவருக்குப் பத்து முறை கம்ப்யூட்டர் கிடைக்கும். புரோகிராமை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு ரன் என்று பெயர்.
5. ஒன்பதாவது ரன்னில் என் புரோகிராம் பிழையில்லாமல் ஓடியது.
6. பத்தாவது ரன்னில் ஆசிரியர் சோதனைக்காகத் தன்னுடைய கார்டுகளைப் போட்டார். நான்காவது கார்டில் நின்றுவிட்டது.

முதல் ஐந்தையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறாவதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வகுப்பில் வரலாறு, வணிகவியல், விலங்கியல் எல்லாம் கலந்திருந்தன. கோடிங் தாளில் பென்சிலால் எழுதி, அதைக் கார்டுகளில் துளையிட்டு, கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டு, நான்கு மணிக்குள் ஜன்னல் தட்டில் வைத்துவிட வேண்டும். மறுநாள் அச்சுத்தாளோடு கட்டு திரும்பி வரும். கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் அந்தப் பருவம் முழுவதும் நான் கால் வைக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

நான் எடுத்துக்கொண்ட வேலை பஸ் பட்டியல். உப்பல் பக்கம் அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு சைனிக்புரி, மௌலாலி, லாலாகூடா என்று பல திசைகளிலிருந்து கம்பெனி பஸ்கள் வரும். ஊழியர் ஒருவருக்கு ஒரு கார்டு. அதில் அவருடைய எண், ஏறும் நிறுத்தம், ஷிப்டு. எந்த பஸ்ஸில் யார் யார் என்று புரோகிராம் பிரித்து அச்சடிக்க வேண்டும். ஆசிரியரின் நான்காவது கார்டில் நிறுத்தத்துக்கான இடம் காலியாக இருந்தது. அதை என்ன செய்வது என்று நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்லை.

தோல்வியடைந்தவர்கள் மூன்று பேர். எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு ரன் தருவதாகவும், அதற்கு வேறு கார்டுகள் போடப்போவதாகவும் ஆசிரியர் அறிவித்தார். பத்து நாள் அவகாசம்.

கேண்டீனில் என் தோழி, புரோகிராமைச் சோதிக்க நான் கற்பனையாகத் தயாரித்திருந்த ஊழியர் கார்டு கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி, பி.காம்., புராஜெக்டில் தேறிவிட்டவள்.

"இதெல்லாம் நீயே எழுதினதா?"

நானேதான் என்றேன். இருபது கார்டு.

"ஹவ், ஆமா, தெரியுது. எல்லாம் பொண்ணு பாக்க வரும்போது நிக்கிற மாதிரி நிக்குது. பஸ்ல ஏறுற மூஞ்சி ஒண்ணுகூட இல்லையேடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது சரியாக இருந்தது. மூன்று வருடம் செடி சேகரித்த பழக்கம். பூச்சி கடிக்காதது, கிழியாதது, பூவும் இலையும் முழுசாக இருப்பது என்று நூறு செடியில் ஒன்றைப் பார்த்துப் பறித்து, காகிதத்தில் ஒட்டிப் பெயர் எழுதுவோம். மாதிரி என்றால் எனக்கு அதுதான். ஊழியர்களையும் அப்படியே பறித்திருந்தேன்.

மறுநாள் அப்பாவிடம், தொழிற்சாலையின் பஸ் பிரிவுக்குப் போக அனுமதி வாங்கித் தரச் சொன்னேன். செடியைப் படித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று முணுமுணுத்தார். ஆனால் வாங்கித் தந்தார். அங்கே உட்கார்ந்து இரண்டு நாள் பழைய பஸ் பாஸ் விண்ணப்பங்களைப் பார்த்தேன். ஒருவர் திங்கள் முதல் வியாழன் வரை மௌலாலி, வெள்ளியும் சனியும் சைனிக்புரி என்று எழுதியிருந்தார். ஒருவருடைய நிறுத்தம் 'ரேஷன் கடை எதிரில்'. ஷிப்டு கேட்ட இடத்தில் ஒருவர் 'மாறும்' என்று மட்டும் எழுதியிருந்தார். ஓய்வு பெற்றவரின் எண்ணும் புதிதாக வந்தவரின் எண்ணும் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றையும் வகை பிரித்துக் குறித்துக்கொண்டேன். பதினாறு வகை வந்தது.

முதலில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பதில் எழுத நினைத்தேன். அப்புறம் அது எனக்குத் தெரியாத விஷயம் என்று பட்டது. ரேஷன் கடை எது என்று கம்ப்யூட்டர் ஊகிக்கக் கூடாது. அதற்காக நின்றுவிடவும் கூடாது. பஸ்ஸில் சேர்க்க முடியாத கார்டைத் தனியாக வைத்து, காரணத்தோடு கடைசிப் பக்கத்தில் அச்சடித்துவிட்டு அடுத்த கார்டுக்குப் போக வேண்டும். அப்படியே மாற்றி எழுதினேன்.

ஓட்டிப் பார்க்க ரன் இல்லாததால் சாப்பாட்டு மேஜையில் நானே கம்ப்யூட்டர் ஆனேன். அந்த விண்ணப்பங்களைப் பார்த்து நான் புதிதாக எழுதிய கார்டுகளை அப்பா ஒவ்வொன்றாகப் படிக்க, நான் என் புரோகிராம் சொல்கிறபடி வரிவரியாகத் தாளில் செய்துகொண்டே போனேன். ஒரு கார்டில் அப்பா நிறுத்தினார்.

"ஏட்டி, இவன் எங்க செக்‌ஷன்லா. பஸ் பாஸ் வச்சிருக்கான், வாரது என்னமோ சைக்கிள்லதான். இதுக்கு உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"சீட்டு உண்டுன்னு சொல்லுதுப்பா."

"காலியாத்தான் வரும்."

"வரட்டும். கார்டுல இல்லாதது அதுக்குத் தெரியாது."

அப்பா அதை ஒப்புக்கொண்ட மாதிரி அடுத்த கார்டை எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இப்படிப் போனது. ஏழு பிழை கண்டுபிடித்தேன்.

பதினோராவது ரன்னின் அச்சுத்தாளை ஆசிரியர் தன் மேஜையில் விரித்தார். பதினைந்து கார்டு போட்டிருந்தார். பதினொன்று தத்தம் பஸ்ஸுக்குப் போயிருந்தன. நான்கு கடைசிப் பக்கத்தில் இருந்தன. இந்தப் பக்கத்தைக் கேட்டது யார் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். யாரும் கேட்கவில்லை, பஸ் பிரிவு குமாஸ்தா இந்த நான்கு பேரை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் போதும் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு அதில் ஒரு காரணம் தவறாக அச்சாகியிருப்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அதற்கு மதிப்பெண் குறைத்து, கீழே கையெழுத்துப் போட்டார்.

தேறிவிட்டேன். இடம் உறுதியாகிவிட்டது. மற்ற இருவரில் ஒருவர் தேறினார், ஒருவர் போய்விட்டார். இப்போது இரண்டாம் பருவம் நடக்கிறது. ஐந்து பாடத்தில் நான்கு நன்றாகப் போகின்றன. புள்ளியியலில் இரண்டு அத்தியாயம் பின்தங்கியிருக்கிறேன்.