ஆரஞ்சுத் தொப்பிக்காரர்

பெயிண்டருக்கு இப்போதெல்லாம் ஏணி ஏற முடிவதில்லை. மத்தியானத்தில் ஜன்னலோரம் சாய்ந்தால், ஆரஞ்சுத் தொப்பியோடு பள்ளிக்கூட வாசலில் நின்ற நாட்கள்தான் மனசில் ஓடுகின்றன.

மகள் ஆறு மாதம் முடிந்த கையோடு பிறந்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற உருவம். குருவி என்று அவர் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோதே கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்தார்கள். பிழைத்தாளே, அது போதும் என்றிருந்தது வீட்டில்.

வளர வளரத்தான் விநோதம் புரிந்தது. வானத்தில் பறக்கிற விமானத்தைக் காட்டுவாள். காலடியில் பொம்மைக் குவியலுக்குள் கிடக்கும் கரடியைக் காணோமென்று அழுவாள். படி இறங்கக் காலால் துழாவுவாள். கண் பரிசோதனைக்குப் போனால், காட்டிய எழுத்தையெல்லாம் தடுமாறாமல் சொன்னாள். "கண்ணை எங்கடி வச்சிருக்கே?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் கடைத்தெருவில் அம்மாவின் கையை விட்ட குருவி, பச்சை உடுப்புக்காரி ஒருத்தியின் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். அம்மாவின் உடுப்பும் பச்சை. பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்ட பிறகுதான் அந்தக் கையை உதறிவிட்டுத் திரும்பினாள்.

அதன் பிறகு பார்த்த டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கண்ணு பார்க்குதுங்க. பார்த்ததைப் பிரிச்செடுக்கிறது மூளையோட வேலை. ரொம்பக் குறைமாசத்துல பிறந்த சில பிள்ளைங்களுக்கு அங்கதான் சிக்கல். கூட்டம், குவியல்னா எல்லாம் கலந்துடும். அவ மேல தப்பில்ல."

அம்மா அழுதாள். பெயிண்டர் வீட்டுக்கு வந்து, பூப்போட்ட சுவரில் வெள்ளையடித்தார். படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை இழுத்தார். கடையிலேயே கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுத் தொப்பியாகப் பார்த்துத் தனக்கு வாங்கினார். பள்ளி விட்டதும் அத்தனை தலைகளுக்கு நடுவே குருவி தவித்து நிற்பாள். தொப்பி தட்டுப்பட்டதும் முகம் மலர ஓடி வருவாள்.

"என்னண்ணே, சிக்னல் வேலையும் பார்க்கிறீங்களா?" என்று கூட வேலை செய்தவன் கிண்டலடிப்பான்.

"ஆமாப்பா, ஒரே ஒரு வண்டிக்கு" என்பார்.

பத்தாவது படிக்கையில் ஒரு நாள் அவளே சொன்னாள். "அப்பா, நாளையிலேருந்து தொப்பி வேணாம்."

"வெக்கமா இருக்கா?"

"இல்லப்பா. நீங்க இடது பக்கம் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடப்பீங்கல்ல, அதை வச்சே கண்டுபிடிச்சிடுவேன். ஒரே இடத்துல நிக்காதீங்க, அவ்வளவுதான்."

மறுநாள் வெறுந்தலையோடு வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நேராக வந்து கையைப் பிடித்தாள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே எதுவோ கைநழுவியது போலவும் இருந்தது.

இப்போது அவள் வேறு ஊரில், அவசர உதவிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தார். வெறும் சுவர், சமையல் மேடையில் இரண்டே இரண்டு குவளை.

"குடித்தனம் பண்ற வீடா இது?"

"எனக்குத் தேடாம கிடைக்கணும்பா" என்று சிரித்தபடி, ஒரு குவளையை எடுத்து அவருக்குக் காப்பி ஊற்றினாள்.