நிலநடுக்கத்தின் மேல் போட்ட பழி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோ நகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போர்கோ வெக்கியோ பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அண்ணா, அண்ணி, அவர்களுடைய குழந்தை, தங்கை நான். யாழ்ப்பாணத்தில் கட்டடப் படவரைஞராகப் படித்து முடித்த நான், இங்கே ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் குறையில்லை. சுவரைப் பார்க்கும் கண் மட்டும் மாறவில்லை.

ஒரு காலை நிலம் லேசாக அசைந்தது. கோப்பைகள் கிலுங்கின, அவ்வளவுதான். சில நாட்களுக்குப் பிறகு, குழந்தை படுக்கும் அறையின் வாசலுக்கு மேலே சாய்வாக ஒரு வெடிப்பைக் கண்டேன். படித்தபடி செய்தேன். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பிறகு வாடகை வாங்கும் வீட்டு மேலாளருக்குச் சொன்னேன்.

அவர் வந்து பார்த்துச் சிரித்தார். நிலநடுக்கத்தின் வேலை, பெரிதாக ஒன்றுமில்லை என்றார். குண்டுக்குள் இருந்து வந்த உங்களுக்கு இதற்கெல்லாம் பயமா என்றும் கேட்டார். மறுநாள் நான் வேலையால் திரும்பியபோது கண்ணாடி இல்லை. மேசன் வந்து வெடிப்பை அடைத்து வெள்ளையும் அடித்துவிட்டுப் போயிருந்தார். அண்ணி அவருக்குத் தேத்தண்ணி வேறு கொடுத்திருந்தாள்.

அண்ணாவுக்கு மகிழ்ச்சி. "காசு கேக்காமல் வெள்ளை அடிச்சுத் தந்திருக்கிறான். நீயெண்டால் சுவரிலை ஓட்டை தேடுறாய்" என்றார்.

அதே மாடியில் எதிர் வீட்டில் ஒரு கிரேக்கப் பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பார். அவருடைய ஊர் ஒரு சிறு தீவின் மலைக் கிராமம். பூமி குலுங்குவது அங்கே மழை பெய்வது போலத்தானாம். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது பெரிதாகக் குலுங்கி ஊரே விழுந்தது. தப்பியவர்கள் கடலோரமாகக் கீழே இறங்கிப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். விழாமல் நின்றவை, கல்சுவருக்கு உள்பக்கம் மரத்தூண் நிறுத்திய வீடுகள்தானாம். கல் சரிந்தாலும் மேல்மாடியை மரம் தாங்கும். அதனால் அந்த ஊரில் வீடு பார்க்கப் போகிறவர்கள், முதலில் கீழே தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். வெடிப்பு வளர்கிறதா என்று பார்ப்பதற்காக, வெடித்த சுவருக்கு ஒரு வருடம் யாரும் சுண்ணாம்பு பூசமாட்டார்கள். பூசுகிறவன் வீட்டில் சம்பந்தமே வைக்கமாட்டார்களாம்.

எங்கள் புது வெள்ளையைக் காட்டினேன். அவர் அதை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "இதற்குக் கீழே என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

கீழே பூட்டிக் கிடக்கும் சாமான் அறை. பகலில் இடிக்கிற சத்தம் கேட்டது, தரை திருத்துகிறோம் என்று மேலாளர் சொன்னார் என்றாள் அண்ணி. கதவு திறந்திருந்த ஒரு நேரம் பார்த்து இருவரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். கடை போடுவதற்காக, குழந்தையின் அறை வாசலுக்கு நேர் கீழே இருந்த சுவரையே எடுத்துவிட்டிருந்தார்கள். முட்டுக்கு ஒரு தடி கூடக் கொடுக்கவில்லை.

தான் இடித்த சுவருக்கு நிலநடுக்கத்தைச் சாட்டிவிட்டு, எங்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்! வெள்ளையைச் சுரண்டி வேறு கண்ணாடி ஒட்டினேன். சாந்து காய்ந்த மறுநாளே அது இரண்டாக உடைந்தது. நிலம் அசையவே இல்லை.

தீயணைப்புப் படையிடம் போகிறேன் என்றேன். அண்ணா மறித்தார்.

"சும்மா இரு பிள்ளை. பெர்மெஸ்ஸோ புதுக்க இந்த விலாசம் வேணும். வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எங்கை போறது?"

வதிவிட அனுமதி இல்லாமல் போனால் எல்லாமே போய்விடும் என்பது எனக்கும் தெரியும். "உங்கடை மகன் அந்த வாசலுக்குக் கீழைதான் தவழுறான் அண்ணா. விலாசம் மிஞ்சும், ஆள் மிஞ்சாது" என்றேன்.

அண்ணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நான் இவளோடை போறன்" என்றாள்.

அன்று பின்னேரமே தீயணைப்புக்காரர் வந்தார்கள். கீழ் அறையைப் பார்த்ததும் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு மரங்களை முட்டுக் கொடுத்தார்கள். தெருவில் மூட்டைகளோடு நின்ற எங்களிடம் மேலாளர் வந்தார். இரக்கப்பட்டு வீடு கொடுத்தேன், நன்றி கெட்டவர்கள் என்று அண்ணாவைத் திட்டினார். நிலநடுக்கத்துக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கூடியிருந்தவர்களிடம் கையை விரித்தார்.

தையல் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி நின்ற கிரேக்கப் பெண் அவர் முன்னால் போனார்.

"பூமியைச் சாட்டாதே. அது எங்கள் ஊரில் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். இது அதன் வேலை இல்லை."

மேலாளரை அதன் பிறகு யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் தேவாலயத்துப் பங்குத் தந்தைதான் தங்க ஒரு மண்டபமும் பிறகு ஒரு விலாசமும் தேடித் தந்தார். அந்நிய நாட்டில் இருப்பவர்கள் நன்றியோடு இருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு யாராவது சொல்வதுண்டு. இருக்கிறேன்: தீயணைப்புக்காரருக்கு, பங்குத் தந்தைக்கு, அந்தக் கிரேக்கப் பெண்ணுக்கு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு படி இறங்கிய அண்ணிக்கு; என் தலைக்கு மேல் கூரை தந்துவிட்டு அதைத் தாங்கிய சுவரை எடுத்தவருக்கு நன்றி சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.